கொள்கைப் பகுப்பாய்வு கற்க வருவோருக்கு: ஒரே ஒரு திட்டத்தைக் கையில் எடுங்கள்

பொதுக் கொள்கைகளைப் பகுத்தாயவும் மதிப்பிடவும் தொழில்முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் படிப்பில் சேரலாம்?" என்பதுதான். அதற்குப் பதில் இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறது. அதற்கு முன், நடைமுறையில் இருக்கும் ஏதேனும் ஓர் அரசுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் அதனோடே இருக்கச் சொல்வேன். புள்ளியியலையும் பொருளியலையும் வெறும் பாடமாகப் படித்தால் பரீட்சையோடு மறந்துபோகும். ஒரு திட்டத்தைப் பற்றி உள்ளபடியே ஒரு கேள்வி எழுந்து, அதற்கு விடை தேடும் முயற்சியில் படித்தால்தான் கையில் நிற்கும்.

இந்தத் துறையில் வேலைகள் இரண்டு. முடிவு எடுக்கப்படுவதற்கு முன்னால், "இந்தச் சிக்கலுக்கு என்னென்ன வழிகள் உண்டு, எது ஏற்றது?" என்று பார்ப்பது பகுப்பாய்வு. முடிவு நடைமுறைக்கு வந்த பின், "நினைத்தது நடந்ததா, அதற்கு இந்தத் திட்டம்தான் காரணமா?" என்று பார்ப்பது மதிப்பீடு. பணியிடங்களில் இரண்டுக்கும் தனித்தனி இருக்கைகள் இருக்கலாம். கற்கும்போது பிரிக்காதீர்கள். பழைய திட்டங்கள் எங்கே இடறின என்று தெரியாதவரால் புதிய திட்டத்துக்கு நல்ல ஆலோசனை சொல்ல முடியாது.

முதல் படி: திட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகளாவது ஆன திட்டமாக இருக்கட்டும். நேற்று அறிவித்ததில் பார்க்க எதுவும் இராது. அரசாணை, வரவுசெலவு, தணிக்கை அறிக்கை ஆகியவை பொதுவெளியில் கிடைக்க வேண்டும். பயனாளிகளையும் கடைநிலை ஊழியர்களையும் நீங்கள் நேரில் சென்று பார்க்க முடிய வேண்டும். பரப்பு சிறியதாக இருப்பது நல்லது. "கல்விக் கொள்கை" என்றால் மூழ்கிவிடுவீர்கள். "உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு மிதிவண்டி" என்றால் கரை தெரியும்.

தேர்ந்தெடுத்த அன்றே ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: இந்தத் திட்டம் பயன் தருகிறது என்று நினைக்கிறேனா, ஏன்? தேதியிட்டு உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். நாம் எல்லோரும் ஏற்கெனவே ஒரு கருத்தோடுதான் தரவுகளுக்குள் நுழைகிறோம். அதை எழுதி வைத்தால்தான் பின்னால் அது நம்மை எங்கே இழுத்தது என்று கண்டுபிடிக்கலாம்.

இரண்டாம் படி: சிக்கலை எழுதுதல்

புதிதாக வருகிறவர்களின் முதல் வரைவில் நான் அதிகம் திருத்துவது இந்தப் பகுதியைத்தான். "பள்ளிகளில் கணினிகள் இல்லை" என்று எழுதிவருவார்கள். இது சிக்கல் போலத் தெரிந்தாலும், உண்மையில் ஒரு தீர்வு. கணினி வாங்குவதுதான் வழி என்ற முடிவு அந்த வாக்கியத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இப்படித் தொடங்கினால் வேறு வழிகள் கண்ணில் படவே படாது. "எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளில் இத்தனை பேருக்கு எளிய பத்தி ஒன்றைப் படித்துப் பொருள் சொல்லத் தெரியவில்லை" என்று எழுதுங்கள். இப்போது கணினி, கூடுதல் ஆசிரியர், மாலை வகுப்பு, பாடநூல் மாற்றம் எல்லாமே வரிசையில் நிற்கும்.

எழுதியதை நான்கு கேள்விகளால் சோதியுங்கள். எத்தனை பேருக்கு? எங்கே? எப்போதிருந்து? கூடுகிறதா, குறைகிறதா? எண்ணில்லாத சிக்கல் வாக்கியத்தை ஏற்காதீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, யார் எண்ணினார்கள், எண்ணியவருக்கு அதைக் கூட்டிக் காட்டுவதிலோ குறைத்துக் காட்டுவதிலோ ஆதாயம் உண்டா என்றும் பாருங்கள்.

மூன்றாம் படி: காரணச் சங்கிலி

ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் "இதைச் செய்தால் அது நடக்கும்" என்ற ஊகம் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துத் தாளில் வரையுங்கள். துறைச் சொற்கள் ஐந்து: உள்ளீடு, செயல்பாடு, வெளியீடு, விளைவு, தாக்கம். மிதிவண்டித் திட்டத்தில் பணம் உள்ளீடு. அதை வழங்குவது செயல்பாடு. வீட்டுக்கு வந்துசேர்ந்த மிதிவண்டி வெளியீடு. பள்ளியில் சேர்வதும் தொடர்வதும் விளைவு. படிப்பு முடித்து வாழ்க்கை மாறுவது தாக்கம். அரசு அறிக்கைகள் பெரும்பாலும் வெளியீட்டோடு நின்றுவிடும். "இத்தனை லட்சம் மிதிவண்டிகள் வழங்கப்பட்டன" என்பது செலவுக் கணக்கு. வெற்றிக்கு அது சான்றாகாது.

பீகார் அரசு 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்கப் பணம் தரத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இதை ஆராய்ந்தார்கள். மாணவியர் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய மாணவியர் எண்ணிக்கை 18 சதவீதமும், தேர்ச்சி பெற்றவர்கள் எண்ணிக்கை 12 சதவீதமும் கூடின. 32, 18, 12 என்று கண்ணிக்குக் கண்ணி விளைவு மெலிவதைக் கவனியுங்கள். பள்ளிக்கு வருவதற்கு மிதிவண்டி போதும்; தேர்ச்சி பெறப் பள்ளிக்குள்ளே வேறு சில நடக்க வேண்டும். சங்கிலியை வரைந்து வைத்திருந்தால், எந்தக் கண்ணியில் அடுத்த பணத்தைப் போடலாம் என்று அதுவே காட்டும்.

ஒவ்வொரு கண்ணிக்கும் கீழே "மக்கள் இதற்கு எப்படி எதிர்வினை ஆற்றுவார்கள்?" என்றும் எழுதுங்கள். 1902-இல் வியட்நாமின் ஹனோயில் பிரெஞ்சு நிர்வாகம், எலிகளை ஒழிக்க, எலி வால் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் தந்தது. வால் அறுந்த எலிகள் ஊரெல்லாம் ஓடத் தொடங்கின. எலி வளர்ப்பதுகூடத் தொழிலாயிற்று. 1989-இல் மெக்சிகோ நகரத்தில் காற்று மாசைக் குறைக்க, வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து வாரத்தில் ஒரு நாள் வண்டியை எடுக்கத் தடை வந்தது. பலர் இரண்டாவது வண்டி வாங்கினார்கள், அதுவும் பழைய வண்டி. காற்றின் தரம் உயர்ந்ததற்குப் பின்னாளைய ஆய்வில் சான்று கிடைக்கவில்லை. இரண்டு இடத்திலும் அதிகாரிகள் நல்ல நோக்கத்தோடுதான் செய்தார்கள். மனிதர்கள் எதிர்வினை ஆற்றுவார்கள் என்பதுதான் அவர்கள் வரைந்த படத்தில் இல்லை.

நான்காம் படி: எதோடு ஒப்பிடுவது?

இந்தத் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆறு மாதத்தில் மூன்று மாதத்தை இதற்கே கொடுங்கள்.

திட்டத்துக்கு முன் 50, பின் 65. ஆகவே திட்டம் 15 கூட்டியது என்று சொல்லிவிட முடியாது. திட்டமே இல்லாவிட்டாலும் அது 62 ஆகியிருக்கலாம். "இந்தத் திட்டம் வந்திருக்காவிட்டால் இதே மக்களுக்கு என்ன ஆகியிருக்கும்?" என்பதே நம் கேள்வி. நடக்காத ஒன்றை யாராலும் நேரில் பார்க்க முடியாது. அதற்கு மிக நெருக்கமான ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கிற கலைதான் மதிப்பீடு.

பீகார் ஆய்வையே எடுங்கள். அந்த ஆண்டுகளில் பொருளாதாரம் வளர்ந்தது, சாலைகள் வந்தன, பள்ளிச் சேர்க்கை பொதுவாகவே ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே ஆய்வாளர்கள் மாணவியரில் கூடியதிலிருந்து மாணவரில் கூடியதைக் கழித்தார்கள். மிதிவண்டிப் பணம் மாணவியருக்கு மட்டும்தான் தரப்பட்டது. பிறகு, 2000-ஆம் ஆண்டு வரை பீகாரின் பகுதியாக இருந்த ஜார்க்கண்டில் இதே கணக்கைப் போட்டு அதையும் கழித்தார்கள். மிஞ்சியதே திட்டத்தின் விளைவு. இன்னொரு சோதனையும் செய்தார்கள்: மிதிவண்டிதான் காரணம் என்றால், பள்ளி தொலைவில் இருக்கும் ஊர்களில் விளைவு அதிகம் இருக்க வேண்டும் அல்லவா? மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டிய ஊர்களில் அப்படியே இருந்தது. என்னை மிகவும் கவர்ந்தது இந்தக் கடைசிச் சோதனைதான். விளக்கம் சரியென்றால் வேறெங்கே அதன் தடம் தெரிய வேண்டும் என்று தேடிப் போகும் மனம் வாய்த்தால், பாதிக் கல்வி முடிந்தது.

இந்த முறை பழையது. 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரே பகுதியில், பல இடங்களில் ஒரே தெருவில்கூட, இரண்டு நிறுவனங்களின் தண்ணீர்க் குழாய்கள் ஓடுவதைக் கவனித்தார். ஒரு நிறுவனம் 1852-இல் தண்ணீர் எடுக்கும் இடத்தைத் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. மற்றது சாக்கடை கலக்கும் இடத்திலேயே எடுத்தது. பழைய இடத்து நீரைக் குடித்த வீடுகளில் 10,000 வீட்டுக்கு 315 சாவு. இடம் மாற்றிய நிறுவனத்தின் வீடுகளில் 37. பணக்காரர், ஏழை, காற்று, தெரு எல்லாம் ஒன்றுபோல இருக்கத் தண்ணீர் மட்டும் வேறாக இருந்ததால், காரணம் தண்ணீர் என்று சொல்ல முடிந்தது.

கற்க வேண்டிய முறைகளின் வரிசை இது. முதலில் குலுக்கல் முறை. யாருக்குத் திட்டம், யாருக்கு இப்போதைக்கு இல்லை என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தால், இரு குழுக்களும் தொடக்கத்தில் சராசரியாக ஒன்றுபோல இருக்கும். மெக்சிகோ 1997-இல் தொடங்கிய பிரோகிரெசா திட்டத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் தரப்பட்டது. ஆய்வுக்கு எடுத்த 506 ஊர்களில் 320 முதலில் சேர்க்கப்பட்டன, 186 பிறகு. எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போக முடியாது என்ற நிலைமையையே அளவுகோலாக மாற்றிக்கொண்டார்கள். "ஏழைகளை வைத்துச் சோதனையா?" என்று உங்களிடம் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பதில் சொல்லப் பழகுங்கள்.

அடுத்தது, மேலே பீகாரில் பார்த்த கழித்தல் முறை. மூன்றாவது, எல்லைக்கோட்டு முறை. 60 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ எடுத்தால் உதவித்தொகை என்றால், 59 எடுத்தவரும் 60 எடுத்தவரும் ஏறக்குறைய ஒரே திறமைக்காரர்கள்தான். அவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று ஒப்பிடலாம். இந்த மூன்றும் கைவந்தபின் மற்றவற்றைப் பாருங்கள்.

ஒரு பொறியை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன், இதில் விழாதவர் அரிது. ஒரு மாவட்டத்தில் மிக மோசமான 20 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து உதவி செய்தால், அடுத்த ஆண்டு அவற்றில் பல முன்னேறியிருக்கும். அந்த ஆண்டு கடைசியில் நின்ற பள்ளிகளில் சில, ஆசிரியர் மாற்றம், காய்ச்சல் பரவல் போன்ற தற்செயல்களால் கடைசிக்குப் போனவை. தற்செயல் விலகினால் தாமாகவே சராசரியை நோக்கி ஏறும். அந்த ஏற்றத்தையும் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். இதே நிலையில் இருந்து உதவி பெறாத பள்ளிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பொறி தெரியும்.

ஐந்தாம் படி: செலவு

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பயன் எவ்வளவு என்று தெரிந்தால் போதாது. அதே பணத்தை வேறிடத்தில் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கேளுங்கள். ஊழியர் நேரம், பயனாளி வரிசையில் நின்று இழந்த கூலி இவையும் செலவுதான். பின்னால் கிடைக்கும் பணத்துக்கு இன்று கையில் இருக்கும் பணத்தைவிட மதிப்புக் குறைவு என்பதால், எதிர்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட, அதாவது தள்ளுபடி செய்ய, கற்றுக்கொள்ளுங்கள். 20 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 1,000-க்கு, ஆண்டுக்கு 3 சதவீதத் தள்ளுபடியில் இன்றைய மதிப்பு சுமார் 554. 7 சதவீதத்தில் சுமார் 258. விகிதத்தை மாற்றினாலே ஓர் அணையோ மரம் நடும் திட்டமோ நல்லதாகவும் கெட்டதாகவும் மாறிவிடும். ஆகவே இரண்டு மூன்று விகிதங்களில் கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் காட்டுங்கள். மொத்தப் பயனோடு நிறுத்தாமல், யாருக்குக் கிடைத்தது, யார் கொடுத்தார்கள் என்று தனித்தனியே பிரியுங்கள்.

ஆறாம் படி: களத்துக்குப் போதல்

கோப்பில் இருக்கும் திட்டமும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கிடைக்கும் திட்டமும் வேறு வேறாக இருக்கலாம். ஆசிரியர், செவிலியர், எழுத்தர் போன்ற கடைநிலை ஊழியர்கள் நாள்தோறும் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளே நடைமுறையில் கொள்கையாகிவிடுகின்றன என்று மைக்கேல் லிப்ஸ்கி என்ற அரசியலறிஞர் விளக்கினார். ஆகவே அவர்களோடு பேசுங்கள். "திட்டம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். "கடைசியாக வந்த விண்ணப்பத்தை என்ன செய்தீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எந்தத் தாள் கிடைக்காமல் நின்றது, யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று ஒவ்வொன்றாக வெளிவரும். திட்டத்துக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்களைத் தேடிப் பிடியுங்கள். தரவுத்தாளில் அவர்கள் பெயர் இருக்காது, பெரும்பாலும் மிக முக்கியமான செய்தி அவர்களிடம்தான் இருக்கும்.

ஏழாம் படி: இரண்டு பக்கக் குறிப்பு

முடிவெடுப்பவருக்கு நேரம் குறைவு. உங்கள் ஆறு மாத உழைப்பை இரண்டு பக்கத்தில் தர வேண்டும். பரிந்துரையை முதல் பத்தியில் வையுங்கள். படித்துக்கொண்டே போனால் கடைசியில் தெரியும் என்ற எழுத்து இங்கே உதவாது. பிறகு மூன்று அல்லது நான்கு மாற்று வழிகள். அவற்றில் "இப்போதிருப்பதை அப்படியே விடுவது" கட்டாயம் ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொரு வழியையும் ஒரே அளவுகோல்களால் அளந்து சிறு அட்டவணையாகத் தாருங்கள். அளவுகோல் எது என்று தடுமாறினால், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பின் பட்டியல் கைகொடுக்கும். 1991-இல் வந்தவை ஐந்து: பொருத்தம், பயன்விளைவு, சிக்கனத் திறன், தாக்கம், நிலைத்திருத்தல். 2019-இல் ஒத்திசைவு, அதாவது மற்றத் திட்டங்களோடு முட்டாமல் செல்வது, ஆறாவதாகச் சேர்ந்தது. ஆறையும் எல்லாவற்றுக்கும் பூச வேண்டாம், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறோர் இடத்தின் ஆய்வை மேற்கோள் காட்டினால், அங்கே இருந்த நிலைமை இங்கேயும் உண்டா என்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய குலுக்கல் ஆய்வில், 13 முதல் 17 பேர் உள்ள சிறிய வகுப்புகளில் படித்த பிள்ளைகள் மேலாகத் தேர்ச்சி காட்டினார்கள். 1996-இல் கலிபோர்னியா, மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளை 20 பேருக்குக் குறைக்கப் பெரும் பணம் ஒதுக்கியது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டதால், முழுத் தகுதி பெறாத பலர் வகுப்புக்கு வந்தார்கள். ஏழைப் பகுதிப் பள்ளிகளின் அனுபவசாலிகள் வசதியான பகுதிகளுக்கு மாறிப்போனார்கள். டென்னசியின் ஆய்வில் தவறில்லை. போதிய ஆசிரியர்கள் இருந்தார்கள் என்ற அங்குள்ள நிலைமையை யாரும் கூடவே கொண்டுவரவில்லை.

குறிப்பின் கடைசியில், "எந்தச் சான்று வந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன்" என்று ஒரு வரி சேருங்கள்.

கருவிகள், படிப்புகள்

எக்ஸெல் நன்றாகத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். அடுத்து ஆர், பைத்தான், ஸ்டாட்டா ஆகிய தரவு அலசும் மென்பொருள்களில் ஒன்று. ஆர், பைத்தான் இரண்டும் இலவசம். மூன்றையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்வதைவிட ஒன்றில் தேர்ச்சி பெறுங்கள்.

முறையான படிப்பு என்றால், பொதுக் கொள்கையில் முதுநிலைப் பட்டம் பொதுவாக இரண்டு ஆண்டு. வேலையில் இருப்பவர்களுக்கு ஐபிடெட் என்ற வளர்ச்சி மதிப்பீட்டுப் பயிற்சி 2001 முதல் நடக்கிறது. பல நாட்டு அரசு ஊழியர்கள் அதில் கலந்துகொள்கிறார்கள். எம்ஐடி பல்கலைக்கழகம் தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்பு பற்றி நடத்தும் இணையவழி மைக்ரோமாஸ்டர்ஸ் பாடங்கள், வறுமை ஒழிப்பு ஆய்வுக்காக 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கியவை.

எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். உண்மையான அரசுத் துறைக்கோ அமைப்புக்கோ மாணவர்கள் வேலை செய்து கொடுக்கும் பாடம் உண்டா? எழுதும் குறிப்புகளை ஆசிரியர் வரிக்கு வரி திருத்தித் தருவாரா? கடந்த ஆண்டுகளில் முடித்தவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், சான்றிதழ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேறிடம் பாருங்கள்.

நேர்மை

தரவைத் தொடும் முன்பே எதை அளப்பேன், எப்படி அளப்பேன், எந்த அளவு வந்தால் வெற்றி என்பேன் என்று எழுதி, தேதியிட்டு, இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 20 அளவுகளில் தேடி, தற்செயலாக நன்றாக வந்த ஒன்றை மட்டும் எடுத்து வைக்கத் தோன்றும். பணம் கொடுத்து மதிப்பீடு செய்யச் சொன்னவருக்குப் பிடிக்காத முடிவும் வெளியாகுமா என்பதை ஒப்பந்தத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தவறான வழிக்குப் போகக்கூடிய சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துச் சென்று, கைதிகளைக் கொண்டு பயமுறுத்தித் திருத்தும் திட்டம் அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடந்தது. பார்த்தவர்களுக்கு அது நல்லதாகவே தோன்றியது. குலுக்கல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த சிறுவர்கள், ஒன்றுமே செய்யாமல் விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்ட ஒவ்வோர் ஆண்டிலும் யாரோ சில சிறுவர்களின் வாழ்க்கை அதற்கு விலையாகப் போயிருக்கிறது.

ஆறு மாத முடிவில்

குறிப்பை, நீங்கள் மதிப்பிட்ட திட்டத்தை நடத்தும் ஒருவரிடம் கொடுங்கள். கருத்துக் கேட்க வேண்டாம், "இதில் தகவல் பிழை எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு வாரம் தவணை கொடுங்கள். வந்த திருத்தங்களைச் சேர்த்தபின் அந்த ஒட்டிய உறையைப் பிரித்து, முதல் நாள் எழுதிய இரண்டு வரியைப் பாருங்கள். எது மாறியது, எந்தச் சான்றால் மாறியது, மாறவில்லை என்றால் மாறுவதற்கு வாய்ப்பே கொடுத்தீர்களா என்று ஒரு பக்கம் எழுதி, குறிப்போடு சேர்த்து வையுங்கள். வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது மாதிரி எழுத்தாக இந்த இரண்டையும் இணையுங்கள். அடுத்த திட்டத்தை வேறொரு துறையிலிருந்து எடுங்கள். முதலாவது கல்வி என்றால் இரண்டாவது குடிநீரோ போக்குவரத்தோ ஆகட்டும்.